சம்மந்தியும் நானும் மைதோ மலையும்

ஆகஸ்ட் 9, வெள்ளி. கோயம்புத்தூர்

சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. இடது பெடலின் மறை தலைகீழாக இருக்கும் என்பதை மறந்து, கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். இருபத்தெட்டு வருடம் கன்று இழுத்துப் பழகிய கைக்கே அசையவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் ஸ்பேனர்மேல் காலை வைத்து அழுத்திக் கழற்றினார். "அம்பத்திரண்டு வயசுல எரிமலைத் தீவுக்குச் சைக்கிள் ஓட்டப் போற மாட்டு டாக்டர் உலகத்துலயே நீ ஒருத்தியாத்தான் இருப்பே" என்றார்.

நாளை இந்நேரம் மொரீஷியஸுக்குப் பக்கத்தில் ரீயூனியன் தீவில் இருப்போம். நானும் கலாமணியும். கலாமணி என் சம்மந்தி. சரியாகச் சொன்னால், தை மாதம் சம்மந்தி ஆகப்போகிறவர். கணவர் போன பிறகு பம்புசெட் வார்ப்படப் பட்டறையைத் தனியாக நடத்துகிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் மகன் மிதுனுக்கும் என் மகள் மிருணாவுக்கும் டிசம்பரில் நிச்சயம் ஆனது. அதற்கு முந்தின மாதம் பெண் பார்க்க வந்த அன்று, நான் படியேற முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கவனித்திருக்கிறார். போகும்போது, "நாளைக்குக் காலைல ஒரு சைக்கிளோட வர்றனுங், தயாரா இருங்க" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். ஐந்தே முக்காலுக்கு வாசலில் மணி அடித்தது. அன்று முதல் வாரத்துக்கு மூன்று நாள். மருதமலை, பிறகு கோத்தகிரி, போன மாதம் வால்பாறை.

மாலையில் மிருணா பெங்களூரிலிருந்து பேசினாள். எழுதத் தயக்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

இந்தக் கல்யாணம் வேண்டாமாம்.

"மிதுன் எதாவது தப்பா நடந்துக்கிட்டாரா?" என்றேன்.

"இல்லம்மா, நல்லவரு. அதுதான் கஷ்டமே. ரெண்டு பேரும் ஹோட்டல்ல எதிரெதிரா உக்காந்து மெனு கார்டைப் படிக்கறோம். பேச ஒண்ணுமே இல்ல. எட்டு மாசமா."

"அப்ப இவ்வளவு நாள் ஏன் சொல்லல?"

"உனக்காகத்தாம்மா."

அது என்ன எனக்காக என்று புரியவில்லை. அதற்குமேல் அவளும் சொல்லவில்லை. இந்த வாரம் மிதுனை நேரில் பார்த்துச் சொல்வாளாம். அதுவரை அவர் அம்மாவிடம் நான் வாயைத் திறக்கக் கூடாது. மிதுன் அதை அவள் வாயிலிருந்துதான் கேட்க வேண்டும் என்கிறாள். நியாயம்தான்.

எனக்குப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் இல்லை. எத்தனையோ கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. முழங்கால் பட்டையை எடுத்து வைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, சனி. சென்–ழில்

சென்னை, மொரீஷியஸ், அங்கிருந்து ஒரு சின்ன விமானம். கடலுக்கு நடுவில் மேகத்தைத் துளைத்துக்கொண்டு மலை எழுந்தது. "இதையா நாம ஏறப்போறோம்?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

வழி முழுவதும் கலாமணி செல்போனில் புடவைப் படங்களைக் காட்டிக்கொண்டே வந்தார். மிருணாவுக்கு முகூர்த்தப் பட்டு. "மாம்பழ மஞ்சளுங்களா, மயில் கழுத்துங்களா? நீங்களே சொல்லுங்க சம்மந்தி."

மயில் கழுத்து என்றேன். ஏதாவது ஒன்றைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நாங்கள் தங்கியிருக்கும் சென்–ழில் ஊரிலிருந்து கடலோரச் சாலையில் நாற்பது கிலோமீட்டர். இங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். இரண்டு முறை எதிரே வந்த காருக்கு நேராகப் போனேன்.

எங்கள் வழிகாட்டியின் பெயர் ஃபபியன் முத்துசாமி. நாற்பது வயதிருக்கும். தாத்தாவின் தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவராம். நம் ஊர் முகம், நம் ஊர் மீசை, தமிழ் மட்டும் ஒரு சொல் தெரியாது. எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறார். பின்னாலேயே வேனில் தண்ணீரும் வாழைப்பழமுமாக வருவார். மதியச் சாப்பாட்டில் தக்காளி, மிளகாய் அரைத்த ஒன்றை வைத்து, இதன் பெயர் ரூகாய் என்றார். கலாமணி ஒரு வாய் வைத்துவிட்டு, "ஊறுகாயைத்தான் சொல்றாருங்க!" என்று கை தட்டினார். அடுத்து வந்த கீரையை முருங் என்றார். அதற்குமேல் எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நன்றாகச் சாப்பிட்டேன். சாப்பிடும்போதெல்லாம் மறந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 12, திங்கள். சிலாவோ

ஏறிவிட்டோம்!

கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து இருநூறு மீட்டர். வழியில் நானூறுக்கும் மேல் வளைவுகள். ஐம்பது வரை எண்ணினேன். பிறகு மூச்சை எண்ணுவதே பெரும்பாடாகிவிட்டது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் அதலபாதாளம். இடையிடையே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய குகைப்பாதைகள். உள்ளே கும்மிருட்டு, தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எதிரே பஸ் வந்தால் அவ்வளவுதான். ஃபபியன் வேனை முன்னால் விட்டு விளக்கைப் போட்டு அழைத்துப் போனார்.

கலாமணி எப்போதும்போல ஐந்து வளைவு முன்னால் போய், நின்று, நான் வந்ததும் ஒரு பேரீச்சம்பழத்தை நீட்டுவார். எதுவும் கேட்க மாட்டார். வேறு யாரோடும் என்னால் இப்படி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க முடியாது. கல்லூரிக்குப் பிறகு எனக்கு வீடு, ஆஸ்பத்திரி, மாடு இவ்வளவுதான். அதில் குறை ஒன்றும் இல்லை.

கடைசி குகைப்பாதைக்கு முன்னால் சொன்னார்: "கல்யாணம் ஆனதும் மிருணாவையும் பழக்கிரலாமுங்க. மூணு பேராப் போனா இன்னும் நல்லாருக்கும்."

தண்ணீர் பாட்டில் கையிலிருந்து நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. கீழே போய்ச் சேரும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஓய்வு நாள். இங்கே வெந்நீர் ஊற்றுக் குளியல் இருக்கிறது. தொடையெல்லாம் இளகிவிட்டது. துணி துவைத்தேன். செயினுக்கு எண்ணெய் போட்டேன்.

நான்கு மணிக்குக் கலாமணிக்கு மிதுனிடமிருந்து போன். பேசிக்கொண்டே ஊர்க் குளக்கரைப் பக்கம் போனவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினார். கண் இரண்டும் சிவந்திருந்தன. ஊற்றுத் தண்ணீரில் இருக்கும் உப்பு ஒத்துக்கொள்ளவில்லை போல. என்னிடமிருந்த சொட்டு மருந்தைக் கொடுத்தேன். "மாட்டுக்குப் போடறதுங்களா?" என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். வாங்கி அப்படியே போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 14, புதன்

மிருணாவிடமிருந்து செய்தி. நேற்றுக் காலை மிதுனிடம் சொல்லிவிட்டாளாம். ரொம்ப நேரம் பேசினார்களாம். அவன் அம்மா ஊர் திரும்பிய பிறகுதான் அவரிடம் சொல்வானாம்.

ஆக, மகளுக்குக் கொடுத்த வாக்கு முடிந்தது. ஆனால் நான்கு நாள்தான் பாக்கி. இப்போது சொல்லி அவர் பயணத்தைக் கெடுப்பானேன்? அவருக்காகத்தான் யோசிக்கிறேன்.

வேனில் எரிமலைப் பக்கம் வந்து சேர்ந்தோம். குளிர். கலாமணி தன் சால்வையை எடுத்து, "வசு, இதைப் போத்திக்கங்க" என்றார். இதுவரை சம்மந்தி என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொன்னது இதுதான் முதல் முறை. நெருக்கம் கூடிவிட்டது போல. எனக்கு அது இன்னும் சங்கடமாக இருந்தது.

இன்று புடவைப் பேச்சே இல்லை. களைப்பு.

ஆகஸ்ட் 15, வியாழன்

இங்கே இன்று மாதா திருநாள். கடைகள் எல்லாம் பூட்டு. செல்போனில் நம் ஊர்க் கொடி படங்கள் வந்து குவிந்தன.

எரிமலைக்குப் போகும் சாலை. ஆரம்பத்தில் பசும்புல்லும் மாடுகளும். கொழுகொழுவென்று, மடி சுத்தமாக இருந்தன. நின்று பார்த்தேன். ஆயிரத்து அறுநூறு மீட்டரிலிருந்து இரண்டாயிரத்து முன்னூறு வரை ஏறுகிறது. மேலே போகப் போக மரம் குட்டையாகி, புதராகி, கடைசியில் ஒன்றுமே இல்லை. உச்சி வளைவில் திரும்பினால் கீழே ஒரு பெரிய சமவெளி, முழுக்கச் சாம்பலும் துருவும் கலந்த நிறம். ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை. தார்ச்சாலை அதற்கப்பால் மண் பாதையாகிறது. எங்கள் சைக்கிள் தாங்காது. அங்கேயே நின்றோம்.

கலாமணி தடுப்புச்சுவரில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை தடவை எரிஞ்சிருக்கும் இது" என்றார். நான் பேரீச்சம்பழம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

ஒரு மாடு தீவனம் எடுக்காமல், அசை போடாமல் தனியாக நின்றால் பத்து நிமிடத்தில் காரணம் சொல்லிவிடுவேன். இவருக்கு என்ன என்று தெரியவில்லை. நான் மறைப்பதை மோப்பம் பிடித்துவிட்டாரோ?

மாலையில் வேனில் கடற்கரைக்கே திரும்பிவிட்டோம். நாளை மைதோ மலை உச்சியில் சொல்லிவிடுவேன். அதுதான் கடைசி ஏற்றம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி. சென்–ழில்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்தரைக்குக் கடற்கரையிலிருந்து புறப்பட்டோம். மைதோவிலிருந்து பார்த்தால் சாலையே இல்லாத ஒரு பள்ளத்தாக்கும் அதில் சின்னச் சின்ன ஊர்களும் தெரியும், ஒன்பது மணிக்குமேல் மேகம் மூடிவிடும் என்று ஃபபியன் சொல்லியிருந்தார். முதலில் கரும்புக் காடு. பிறகு வீடுகள். பிறகு ஜெரேனியம் இலையைக் காய்ச்சித் தைலம் எடுக்கும் கடைகள். அந்த வாசனை ஒரு கிலோமீட்டர் கூடவே வந்தது. ஏற்றம் ஓரிடத்திலும் தணியவில்லை.

கலாமணி முதல் வளைவிலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டார். ஐந்து வளைவு தாண்டினேன். பத்து தாண்டினேன். அவர் எங்கேயும் எனக்காக நிற்கவில்லை.

ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் பலகையைத் தாண்டியதும் வேன் எதிரே இறங்கி வந்தது. ஃபபியன் கண்ணாடியை இறக்கினார். "உங்கள் தோழி மேலே காட்டோரம் உட்கார்ந்திருக்கிறார். பஞ்சர் இல்லை. தண்ணீர் வேண்டாம் என்கிறார். வேனிலும் ஏற மாட்டேன் என்கிறார்."

போய்ச் சேர்ந்தேன். சைக்கிளைப் புல்லில் சாய்த்துவிட்டு, காலணியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"கால் பிடிச்சுக்கிச்சுங்களா?"

"இல்லீங்க."

"மயக்கமா வருதுங்களா?"

"நீங்க முன்னால போங்க வசு. நான் பின்னால வர்றேன்."

எனக்குப் பின்னால் வருவதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. உச்சி வரை காத்திருக்க என்னால் முடியவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்: "மிருணாவுக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமாமுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியுமுங்க. செவ்வாக்கிழமையே மிதுன் சொல்லிட்டான். ஊருக்கு வந்தப்புறம் சொல்லலாம்னுதான் இருந்தானாம், மனசு கேக்கலையாம். உங்களுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவீங்கன்னு நானும் வாயை மூடிட்டே வர்றேன். இதுக்கு மேல முடியலைன்னுதான் உக்காந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

நேற்று என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"வெள்ளிக்கிழமைங்க."

"இன்னைக்குத்தான வெள்ளிக்கிழமை."

"போன வெள்ளிக்கிழமை. பொறப்படறதுக்கு முந்துன நாள்."

அவர் முகம் மாறியது. "அப்போ பிளேன்ல நான் பொடவை காட்டுனப்ப?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுட்டே மயில் கழுத்துன்னு சொன்னியா நீ? நான் பைத்தியக்காரியாட்டம் கலர் கலராக் காட்டிட்டு வர்றேன், நீ கேட்டுட்டே வந்தியா?"

காலணியை மாட்டினார். சைக்கிளில் ஏறினார். போயே போய்விட்டார்.

அதன்பிறகு நான் மிதித்ததைப்போல என் வாழ்க்கையில் மிதித்ததில்லை. தொடை எரிந்தது. மூக்கு ஒழுகியது. இரண்டு பக்கமும் உயர்ந்த மரங்கள், சாலையில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை. இருபது அடி இடைவெளிக்கு வந்ததும் கத்தினேன்.

"சொல்லியிருந்தா நீங்க வந்திருக்கவே மாட்டீங்க!"

"ஏன் வராம இருப்பேன்?" திரும்பாமலே கத்தினார்.

"மிருணா இல்லைன்னா... நான் உங்களுக்கு... யாருங்க?"

மூச்சில்லாமல் துண்டு துண்டாகத்தான் வந்தது. அவ்வளவு நாள் நான் எனக்கே சொல்லிக்கொள்ளாத ஒன்று ஒரு காட்டுக்கு நடுவில் சத்தமாக வெளியே வந்து விழுந்துவிட்டது.

கலாமணி பிரேக்கைப் பிடித்தார். நான் மோதாமல் நின்றதே பெரிது.

"ஒம்பது மாசமா காலைல அஞ்சே முக்காலுக்கு உன் வீட்டு வாசல்ல வந்து மணி அடிச்சனே, மிருணாவுக்கா அடிச்சேன்? அவ பெங்களூர்ல தூங்கிட்டு இருந்தா!"

நான் அழ ஆரம்பித்தேன். அவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வந்தார். வேர்வையும் ஜெரேனிய வாசனையுமாக அந்தத் தோள். "நானும் அதையேதான நெனச்சேன்" என்று என் காதருகில் சொன்னார். "இனி எந்த மொகத்தை வெச்சுட்டு உன் வாசலுக்கு வர்றதுன்னு மூணு நாளா அதே யோசனை. மகனுக்குக் கல்யாணம் நின்னு போச்சேங்கிறதுகூட அப்பறந்தான் வந்துச்சு. நான் எல்லாம் ஒரு அம்மாவா, சொல்லு."

"அப்ப நான் மட்டும் என்ன ஒழுங்கான அம்மாவுங்களா?" என்றேன்.

சிரித்தோம். அழுகையும் நிற்கவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தபோது பத்தே கால். பள்ளத்தாக்கு, ஊர், மலை எதுவுமே தெரியவில்லை. கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெள்ளை வெளேரென்று மேகம் மட்டும். ஃபபியன் தானே தப்புச் செய்ததுபோல மன்னிப்புக் கேட்டார். நாங்கள் அந்த மேகத்தைப் பார்த்தபடி ஃபிளாஸ்க்கிலிருந்து டீ குடித்தோம். அதைவிட நல்ல டீயை நான் குடித்ததில்லை.

"மிதுன் ரொம்ப அழுதானுங்களா?" என்றேன்.

"அழுதான். மறுநாள் கூப்பிட்டு, 'அம்மா, நேத்து நல்லாத் தூங்கினேன்'னான். ரெண்டு பேரும் நமக்காகப் பல்லைக் கடிச்சுட்டு இருந்திருக்குதுக. நாம சிரிக்கறதைப் பாத்துட்டு யாரு மொதல்ல சொல்றதுன்னு."

உனக்காகத்தாம்மா என்று மிருணா சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இறங்கும்போது குளிரில் விரல் விறைத்தது. எப்போதும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குகிறவள் நான். இன்று நேர்ச் சாலைகளில் விட்டுவிட்டேன். உடம்பில் ஐந்து கிலோ குறைந்ததுபோல இருந்தது.

மாலை ஆறு மணிக்கே கண் சொருகுகிறது.

ஆகஸ்ட் 17, சனி

பதினொரு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

ஃபபியன் வேனில் தீவின் மறுகோடிக்கு அழைத்துப் போனார். எரிமலைக் குழம்பு கடல் வரை ஓடி உறைந்த இடம். அதன்மேலேயே சாலை போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கறுப்புக் கல் அலை அலையாகக் கிடக்கிறது. ஏற்றம் அதிகம் இல்லை, அவசரமும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினோம். பட்டறை, என் ஆஸ்பத்திரி, கால் ஆணி, பெருங்காயம் எது நல்லது என்று பேச்சு எங்கெங்கோ போனது.

மிருணாவைக் கூப்பிட்டேன். "ஆன்ட்டிக்குத் தெரிஞ்சிருச்சு" என்றேன். கலாமணி போனைப் பிடுங்கினார்.

"ஏம் புள்ள, உனக்கு எம் மேல என்ன கோவம்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?... அழுகாதே. அழுகாதேங்கறேன்... இல்ல, இல்ல, உங்கம்மாவை மலையில இருந்து தள்ளி விடலை. நல்லாத்தான் இருக்கறா. நேத்து என்னைத் தொரத்திட்டு வந்தா பாரு, அப்படி ஒரு வேகம்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்து நின்றுகொண்டார். "மருமகளா வந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். அந்த வருத்தம் அவருக்கு இருக்கும். எனக்கும்தான்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பயணம். பெட்டி ஒன்று தாமதமாக வந்தது. வீடு.

ஆகஸ்ட் 19, திங்கள். கோயம்புத்தூர்

நிச்சயத்துக்கு வந்த தட்டுச் சாமான்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் நேற்றிலிருந்தே தவித்துக்கொண்டிருந்தார். யார் பேசுவது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகைகூடப் பார்த்தார். மிருணா விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள்.

பதினொன்றரை மணிக்குக் கலாமணி தன் கொழுந்தனாரோடு வந்தார். நீலக் காட்டன் புடவை. எல்லோரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தோம். கொழுந்தனார் கரகரத்த குரலில் இரண்டு வார்த்தை சொன்னார். இவர் ஒத்திகை பார்த்ததையெல்லாம் மறந்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க" என்று மட்டும் நான்கு முறை சொன்னார். மோதிரம், புடவை, வெள்ளித் தட்டு கை மாறின. பத்து நிமிடம். கொழுந்தனார் எழுந்தார். இவரும் எழுந்தார்.

கலாமணி எழவில்லை.

"மணி பன்னண்டு ஆகப் போவுது. சாப்பாட்டு நேரத்துல எங்க கெளம்பறீங்க?" என்று கொழுந்தனாரைக் கேட்டுவிட்டு, என்னிடம் திரும்பினார். "வசு, என்ன சமையல்?"

"ரசமும் பீன்ஸ் பொரியலுந்தான்" என்றேன். உண்மையில் யாருக்கும் பசியிராது என்று அதற்குமேல் வைக்கவில்லை.

"போதும். ஒரு அப்பளம் சுடு."

கொழுந்தனார் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். நான் சோறு போட, மிருணா ரசம் பரிமாறினாள். கலாமணியின் தட்டருகே வந்ததும் ரசம் தரையில் சிந்தியது. உதடு பிதுங்கியது.

"அழுகறதுன்னா உள்ள போய் அழுதுட்டு வா" என்றார் கலாமணி. "வந்து எனக்கு மறுசோறு போடு. உங்கம்மா கஞ்சத்தனமாப் போட்டிருக்கறா."

மிருணா அழுதுகொண்டே சிரித்தாள். கொழுந்தனாரே சிரித்துவிட்டார். இவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று பொரியல் சட்டியைக் காலி செய்துவிட்டார். எனக்கு ரசம் மட்டும்தான் மிஞ்சியது. போதுமானதாக இருந்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் கலாமணியும் நானும் சைக்கிளில் ஆனைகட்டிப் பக்கம் கிளம்பினோம். தடாகம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒரு டீக்கடையில் ஒதுங்கி மிளகாய் பஜ்ஜி தின்றோம். மழை விட்ட பிறகும் பேசிக்கொண்டே இருந்ததில் வெயில் ஏறிவிட்டது. மலை ஏறாமலே திரும்பினோம்.